தட்டில் விழுந்த நீளத் துளை

துளை வட்டமாக இல்லை. குறி பார்த்துச் சுடுவதற்காக வேலிக் கம்பத்தில் அடித்திருந்த காகிதத் தட்டை ஆர்டிஸ் பிய்த்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குண்டு மூக்கால் குத்தியிருக்கவில்லை. விலாப்புறமாக வந்து விழுந்து, தன் முழு நீளத்துக்கும் தட்டைக் கிழித்திருந்தது.

"வெண்டெல், இத வந்து பாரு. குண்டு குட்டிக்கரணம் போடுது."

"குளிர்ல காகிதம் விறைச்சுக் கிழிஞ்சிருக்கும்," என்றான் புருஷன், காபிக் குடுவையை மூடியபடி. "ஜூலையில இதே துப்பாக்கிதானே? எல்லாக் குண்டும் ஒரே இடத்துல போய் உக்காரல?"

"ஜூலையில நீ சட்டையக் கழட்டிட்டு உக்காந்திருந்த. இன்னிக்கு உன் மீசையில ஐஸ் தொங்குது."

மூஸ் மான் வேட்டைக்கு அன்றுதான் கடைசி நாள். ஆர்டிஸ் ட்வெய்ட் பிக் ஹோல் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கல்யாணமான வருஷத்திலிருந்து மூஸ் வேட்டை அனுமதிக் குலுக்கலுக்கு மனுப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ஏமாந்தவள். கொழுந்தன் டெல்மருக்கு இரண்டாம் மனுவிலேயே சீட்டு விழுந்தது. இறைச்சியை அவள் எதிரிலேயே மென்றுகொண்டு, "அண்ணிக்குப் பஸ்ஸே போதும், மூஸ் எதுக்கு?" என்று சிரித்தான். இந்த வருஷம்தான் அவளுக்கு விழுந்தது. சீட்டு விழுந்துவிட்டால், மிருகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஏழு வருஷத்துக்கு மறுபடி மனுப் போட முடியாது. அவளுக்கு அறுபத்தொன்று.

மூஸின் எலும்புக்குக் கனமான குண்டு வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள்தான். கனமான குண்டு என்றால் நீளமான குண்டு. நீளம் கூடக்கூடச் சுழற்சியும் கூட வேண்டும். இல்லாவிட்டால் வேகம் செத்த பம்பரம் மாதிரி தலையாட்டும். அந்தச் சுழற்சியைக் கொடுப்பது துப்பாக்கிக் குழலுக்குள் வெட்டிய முறுக்கு வரிதான். எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்று குண்டுப் பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அங்குலம் குறையக் குறையச் சுழற்சி கூடும். சொன்னால் கேட்கிற ஜென்மமா வெண்டெல்? "எங்கப்பா குழல் பத்து. ஒன்பதே ஜாஸ்தி. எட்டுன்னா குழல் சீக்கிரம் தேஞ்சுடும்," என்று புதுக் குழலை ஒன்பதுக்கே ஆர்டர் கொடுத்தான். வெயில் காலத்துக் காற்றில் அந்த ஒன்பது தப்பித்தது. உறைகிற காற்று கனத்த காற்று. அதில் தப்பவில்லை.

பழைய சின்னக் குண்டுகள் வீட்டு அலமாரியில் கிடந்தன. போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"கிட்டப் போய்ச் சுடு. அவ்வளோ பெரிய உடம்பு, எப்படி விழுந்தாலும் விழும்," என்றான் வெண்டெல்.

அவள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகாமல் இருக்க மனசு வரவில்லை.

ஓடைக்கரை வில்லோ புதருக்குள் அது நின்றது. பெரிய ஆண் மூஸ். ஆர்டிஸ் பனியில் முழங்காலால் ஊர்ந்தாள். அது கிளையை ஒடிக்கிற சத்தம் கேட்கும் தூரம் வந்ததும் துப்பாக்கியைத் தூக்கினாள். மூஸ் அசை போட்டபடி விலாவை முழுசாகக் காட்டித் திரும்பியது. நெஞ்சு அடித்த அடியில் துப்பாக்கியின் குறிக்கண்ணாடிக்குள் மூஸ் குதித்தது.

"சுடு," என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தான் வெண்டெல். "ஆர்டிஸ், சுடுடீ!"

குண்டு குறுக்காக விழுந்தால் நெஞ்சுக்குள் போகாது. எலும்பை நொறுக்கிவிட்டு நின்றுவிடும். போன குளிர்காலத்தில் யாரோ சுட்டுத் தாடை உடைந்த பெண் மூஸ் ஒன்று பஸ் பாதையோரம் நாள்கணக்கில் நின்றது. மேயவும் முடியாமல், சாகவும் முடியாமல். "அந்தப் பக்கம் பாக்காதீங்க கண்ணுங்களா," என்று சொல்லிச் சொல்லியே அவள் பஸ்ஸை ஓட்டினாள். பார்க்காமல் ஓட்ட அவளால்தான் முடியவில்லை.

விரல் விசையில் இருந்தது. எடுத்தாள். தோட்டாவை வெளியே இழுத்த சத்தத்தில் மூஸ் தலையைத் தூக்கி அவளையே பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் புதருக்குள் நடந்து போய்விட்டது.

"பைத்தியமா உனக்கு?" வெண்டெல் கத்தினான். "ஆயுசு பூரா இதுக்குத்தானே காத்திருந்த!"

அவள் அழுதுகொண்டே கோட்டுக்குள்ளிருந்து தட்டை எடுத்து அவன் மார்பில் அடித்தாள். "நான் காத்திருந்தேன், சரி. அதுக்காக அது கெடந்து சாகணுமா? அளந்து பாரு, மகராசா!"

கோட்டுப் பையில் கிடந்த, தோட்டாவில் பொருத்தாத குண்டு ஒன்றையும் அவன் கையில் திணித்தாள். வெண்டெல் கையுறையைக் கழற்றி, குண்டைத் துளையின் மேல் படுக்க வைத்தான். மூக்கிலிருந்து அடிவரை அச்சாகப் பொருந்தியது.

ஊரை நெருங்கி போனில் சிக்னல் வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, குழல் செய்கிறவரைக் கூப்பிட்டான்.

"புதுக் குழல் ஒண்ணு வேணுங்க. முறுக்கு... எட்டு."

"சத்தமாச் சொல்லு," என்றாள் ஆர்டிஸ், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

"எட்டுங்க! ஒன்பது இல்ல, எட்டு!"

போனை வைத்தான்.

"ஏழு வருஷம் கழிச்சு எனக்கு அறுபத்தெட்டு, வெண்டெல்."

"தெரியும்," என்றான். தட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.