ஹாஜியாரின் மகள் கீறிய கடல்

எங்கள் ஊரில் அப்போது கல்யாணக் கார்டில் மணமகளின் பெயர் இருக்காது. மாப்பிள்ளை பெயர், இரண்டு வாப்பாமாரின் பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். பெண் 'அன்னாரின் மூத்த புதல்வி'யோடு முடிந்துவிடுவாள். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. பெண்ணின் பெயரை மூடி வைப்பது மரியாதை.

எழுபதுகளின் கடைசியில், உயர்தரம் படிக்கும்போது, கல்முனையில் மீலாத் விழாக் கண்காட்சிக்கு ஒரு கடல் படம் கீறிக் கொடுத்தேன். கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் கல்யாணமாகாத குமர்ப்பிள்ளைகள் அங்கே போவது ஸபர் மாதக் கடைசிப் புதனான ஒடுக்கத்துப் புதனன்று மட்டும்தான். மிச்ச நாளெல்லாம் இரைச்சலைத்தான் கேட்போம். கேட்டதை வைத்தே கீறினேன். கரையில் ஆளில்லை, தோணியில்லை. அதற்கு முதல் பரிசு கிடைத்தது. கீழே ஒட்டிய துண்டில், 'புடவைக்கடை ஹாஜியாரின் மகள்' என்று அழகாக எழுதியிருந்தார்கள். ஊரே வாப்பாவின் கையைப் பிடித்து வாழ்த்தியது.

"என்ட பேர் எங்க வாப்பா?"

"நாந்தான் போட வேணாமெண்டு சொன்னன் மகள். குமர்ப்புள்ளட பேர் சந்தியில தொங்கலாமா?"

அவருக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். அதனால் கோபப்படக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

படம் அந்தத் துண்டோடு எங்கள் விறாந்தைச் சுவரில் ஏறியது. அடுத்த வருடம் எனக்கு மூத்தவளான ராத்தா பிள்ளைப்பேற்றில் மௌத்தானாள். நாங்கள் இரண்டே பெண்கள். ராத்தா கோழி கீறினால் அது கொக்காக வரும். அதற்கு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். மௌத்து வீட்டுக்கு வந்த ஒரு மாமி படத்தைப் பார்த்து, "இது அவள் கீறினதா?" என்று அழுதார். உம்மா தலையாட்டினார். துக்கத்தில் தவறிவிட்டதென்று நினைத்தேன். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் உம்மாவே படத்தைக் காட்டத் தொடங்கினார். எந்த மகள் என்று துண்டில் இல்லையே. வாப்பாவும் மறுக்கவில்லை. அந்த வீட்டில் அப்போது என்னைப்போலத் தனியாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எண்பதுகளில் நான் சித்திர ஆசிரியையானேன். குகை ஓவியங்களைப் படிப்பிக்கும்போது, கீறியவர் பெயர் தெரியாது என்று புத்தகம் சொல்லும். சொன்ன கையோடு, அது ஆண்தான் என்று அடித்துப் பேசும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயர்கள் மழையிலும் கறையானிலும் மட்டுமா போகின்றன? பிரியத்தோடு மூடப்பட்ட பெயர்களும் இருக்காதா? இதை ஒருநாள் ஆசிரியர் அறையில் சொன்னேன். "டீச்சருக்கு வேற வேலையில்லையா?" என்று சிரித்துவிட்டு, தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு எழுந்து போனார்கள்.

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து ஒரு பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்தக் கரையின் பெண் ஓவியர்களைப் பற்றி எழுதப்போகிறாராம்.

"பெண்கள் கீறாம இருக்கல்ல. அவங்கட பேரத்தான் ஒருத்தரும் எழுதல்ல," என்றார்.

அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. நான் தனியே நினைத்துக் கிடந்ததை முதன்முறையாக இன்னொருவர் வாயால் கேட்டேன். அவர் விறாந்தையில் என் கடலின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இது யார் கீறினது?"

நான் வாயைத் திறக்குமுன் உம்மா சொன்னார், "என்ட மூத்த புள்ள." பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ராத்தா போனபின் உம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. எழுதிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்படியா தங்கச்சி?"

"ஓம்," என்றேன். "ராத்தா நல்லாக் கீறுவா."