நடக்கிற வயசு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. ஆலயத்தில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, ஏரலில், நெஞ்சு வலி வந்து அவர் இறந்துபோனார். ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டார் என்று என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் என் வீட்டுக்காரர் எனக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். மோட்டார் ஓடாவிட்டால் என்ன செய்ய வேண்டும், எந்த பியூஸ் எந்த அறைக்கு என்று சொல்லித் தந்தார். மாட்டின சிலிண்டரைக் கழற்றி, என்னை மறுபடி மாட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"அடுத்த மாசம் எனக்கு அம்பத்திரெண்டு முடியுதுல்லா. அப்பாவுக்கு அதான வயசு" என்றார்.

அவர் அழவில்லை, முகம்கூட மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு, கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் போனை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பிறந்த தேதியைப் போட்டால் வயது, பிறந்த கிழமை, இதுவரை இதயம் எத்தனை கோடி தடவை துடித்தது என்பதுவரை வருமாம். எனக்குப் போட்டாள். ஆலய மணி அடிக்கும்போது நான் பிறந்ததாக அம்மா சொல்வாள். அதனால் ஞாயிறு என்றே நம்பியிருந்தேன். போன் புதன்கிழமை என்றது. மகள் சிரித்தாள். புதன்கிழமையும் ஜெபக் கூட்டத்துக்கு மணி அடிப்பார்களே என்று என் வீட்டுக்காரர் எனக்காகப் பேசினார்.

அவருக்குப் போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தாவுக்குப் போடு" என்றார்.

தேதிகள் அவருக்கு மனப்பாடம். வருஷா வருஷம் கல்லறைக்கு வெள்ளையடித்து, எழுத்துக்குக் கறுப்பு மை பூசுகிறவர் அவர்தான். பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் சொன்னார். ஐம்பத்தொரு வருஷமும் நாலு மாதமும் என்று வந்தது.

போனில் ஏதோ தப்பு என்றார். மகள் திரும்பவும் போட்டாள். அதேதான் வந்தது.

எனக்கு அப்போதுதான் மாமியாரின் பேச்சு நினைவுக்கு வந்தது. மகளுக்கு ஒரு வயது முடிந்த மறுநாளே, யார் கேட்டாலும், ரெண்டு நடக்கு என்றுதான் சொல்வார்.

"அத்தை நடக்கிற வயசத்தான சொல்லுவாக" என்றேன். "நீங்க முடிஞ்ச வயச எண்ணுதிய."

அவர் என்னையே பார்த்தார். மகள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்பா, நீங்க தாத்தாவத் தாண்டி ஏழு மாசம் ஆச்சு. இப்ப தாத்தா வந்தா உங்களத்தான் அண்ணாச்சின்னு கூப்பிடணும்."

"ஏட்டி, வாய மூடு" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மகள் எதற்கோ எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

வெகுநேரம் கழித்து, "பாவம் அப்பா" என்றார். "சின்ன வயசுலல்லா போயிட்டாக."

மறுநாள் காலை அவர் ஏழரை மணிவரை தூங்கினார். கங்கைகொண்டானில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் பஸ் போய்விட்டது. டவுன் பஸ்ஸில் போனார்.