மாலை போட்ட சுவர்

ஹட்டன் பஸ்ஸில் இன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவை எங்கேயோ பார்த்த ஞாபகம். கொட்டகலை நெருங்கும்போதுதான் பிடிபட்டது. புது ஹோட்டல் சுவரில் இரண்டு மாடி உயரத்துக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணை வரைந்திருக்கிறார்களே, அந்த முகம்.

"நீங்கதானே அது?" என்றேன்.

"நான்தாங்க. மலையில வச்சு போட்டோ எடுத்தாங்க. செவுத்துல வரையப் போறோம்னு சொல்லவே இல்ல."

ஹோட்டல் திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஏணி வைத்து அந்தப் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். கீழே குத்துவிளக்கும் ஏற்றினார்கள். மரியாதை செய்தார்களாம். அந்தக் காட்சி நம் எல்லோருடைய போனுக்கும் வந்தது.

"உடப்புசல்லாவயில இருக்குற சின்னம்மா அழுதுகிட்டே போன் பண்ணாங்க, எத்தன மணிக்கு எடுக்குறீங்கன்னு. நான்தான் பேசுறேன்னதும் கட் பண்ணிட்டாங்க. லயத்து வரிசை வீட்டுப் புள்ளைக பொழுது சாஞ்சா எங்க வாசல் பக்கம் வர்றதில்ல. வெளக்கு வைக்கிறப்ப எனக்கே ஒரு மாதிரியா இருக்குங்க."

ஹோட்டல் முன்னால் இருவரும் இறங்கினோம். காய்ந்த மாலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், தன் படத்தில் விழாமல் தள்ளிப் போகும்படி அக்காவுக்குக் கை காட்டினாள்.

அக்கா தள்ளி நின்றார்.

போனில் வந்த அந்தக் காட்சிக்குக் கீழே 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று கமெண்ட் போட்டவர்களுக்கு: அவர் நாளைக்கும் இதே பஸ்ஸில்தான் வருவார். பக்கத்து சீட் கிடைத்தால் என்ன பேசுவீர்கள்?