ஆந்தைக் குஞ்சுகளை மறைத்த புதர்

அந்தப் புதரைக் காணவில்லை என்று தெரிந்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். இதைச் சொல்ல இன்றும் கூசுகிறது.

பெரம்பலூரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் அரியலூர்ப் பக்கம் போய்விடுவேன். அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்து, அப்படியே விட்டுவிட்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் செங்குத்தான சுவரில், மேல் விளிம்பிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே, சின்னத் திட்டு. அதில் கொம்பன் ஆந்தை இரண்டு குஞ்சுகள் பொரித்திருந்தது. எனக்கு அதைக் காட்டியவர் அங்கே ஆடு மேய்க்கும் ஓர் அக்கா. என் வயதுதான் இருக்கும். ஆனாலும் நான் அக்கா என்பேன், அவர் டீச்சர் என்பார்.

மூன்று ஞாயிறுகள் பள்ளத்தின் எதிர்க்கரையில் உட்கார்ந்து படம் எடுத்தேன். திட்டுக்கு முன்னால் ஒரு சீமைக்கருவைப் புதர் தொங்கியது. எந்தப் படத்திலும் குஞ்சின் முகத்தில் ஒரு கிளை குறுக்கே வரும். மூன்றாவது வாரம் அலுத்துப்போய் அக்காவிடம் சொன்னேன்: “இந்தச் செடி மட்டும் இல்லைன்னா படம் எவ்வளவு நல்லா வரும் தெரியுமாக்கா!”

சொல்லிவிட்டு வண்டியேறி வந்துவிட்டேன்.

நான்காவது ஞாயிறு வீட்டில் வேலை இருந்ததால் போய்ச் சேரப் பத்து மணியாகிவிட்டது. திட்டு பளிச்சென்று தெரிந்தது. என்ன ஏது என்று யோசிக்கக்கூட இல்லை. உட்கார்ந்த உடனே இருபது, முப்பது படம் எடுத்துத் தள்ளினேன். பிறகுதான் திரையில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒரு குஞ்சு வாயைப் பிளந்து, கழுத்தைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் படுத்திருந்ததன் கண்ணோரத்தில் எறும்பு ஊர்ந்தது.

கேமராவை மடியில் போட்டேன். தாயைத் தேடினேன். அது அதே சுவரின் மறு கோடியில் ஒரு பொந்தில் ஒடுங்கியிருந்தது. நான்கைந்து காகங்கள் அதைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

அதற்குள் அக்கா ஆட்டுக்குத் தழை அறுக்கும் தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தார். “நல்லாத் தெரியுதுங்களா டீச்சர்? நேத்து சாயங்காலம் மேல படுத்துக்கிட்டு இதாலயே எல்லாத்தையும் அறுத்து மேல இழுத்துப் போட்டுட்டேன். உங்களுக்காவத்தான்.”

திரையை அவரிடம் நீட்டினேன். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

“செத்துப்போச்சா?”

“ஆமாக்கா. நிழல் போயிடுச்சு. காக்கா தாயையும் விரட்டிடுச்சு.”

“அய்யோ, நாந்தான் கொன்னுட்டனா?” கன்னத்தில் அறைந்துகொண்டார்.

“இல்லக்கா. நான் சொல்லித்தானே வெட்டினீங்க.”

“நீங்க வெட்டச் சொல்லலியே.”

சொல்லவில்லைதான். ஆனால் கைக்கு எட்டியிருந்தால் நானே ஒடித்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

இருவரும் சுற்றிக்கொண்டு மேல் விளிம்புக்கு ஓடினோம். வெட்டிய கிளைகள் அங்கேயே வாடிக் கிடந்தன. நான் அவர் கால்களைப் பிடித்துக்கொள்ள, அவர் குப்புறப் படுத்து, ஒவ்வொரு கிளையாகத் தொரட்டியில் மாட்டி இறக்கித் திட்டின் மேல் சாய்த்தார். கிளைகளை இழுத்துப் போட்டதில் முள் கிழித்து இரண்டு பேர் கையிலும் ரத்தம். செத்த குஞ்சைத் தொடவில்லை. உயிரோடிருந்தது நிழலுக்குள் நகர்ந்ததைப் பார்த்ததும் தூரத்தில் ஒரு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டோம். நான் அன்று சாப்பிடவில்லை. அக்கா கொண்டுவந்த சோற்றுத் தூக்கும் திறக்கப்படவே இல்லை.

வெயில் இறங்கிய பிறகு காகங்கள் கலைந்தன. தாய் பொந்தை விட்டு எழுந்து, சத்தமே இல்லாமல் சுவரை ஒட்டிப் பறந்து திட்டில் இறங்கியது.

“வந்துட்டா டீச்சர், வந்துட்டா” என்று அக்கா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். அழுதுகொண்டிருந்தார்.

அந்தக் குஞ்சு பிழைத்தது. இரண்டு வாரம் கழித்து அது திட்டின் நுனியில் நின்று சிறகை விரித்து மடக்குவதை இருவரும் பார்த்தோம். நான் கேமரா கொண்டுபோயிருக்கவில்லை.

அந்த நான்காவது ஞாயிறு எடுத்த படங்களை அழிக்க மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் உடன் வேலை செய்பவர் ஒருவர் என் போனில் அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு தெளிவா இருக்குங்க! போட்டிக்கு அனுப்பக்கூடாதா?” என்றார். போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.