அக்கா கொண்டுவந்த மாத்திரை

கோம்பைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் பதினோரு வருடம் தபால் கொடுத்தேன். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடந்துதான் போக வேண்டும். பேங்க் நோட்டீஸ், ஆதார் அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் தோட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு வரப்பு வழியாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் அந்த வரப்பில் வலது பாதம் தூக்கவில்லை. கால் போவதாக நான் நினைக்கிறேன், செருப்பு நுனி மண்ணில் இடிக்கிறது. களைப்பு என்று விட்டுவிட்டேன். நாலு மாதத்தில் இரண்டு முறை வாழைத்தோப்பு வாய்க்காலில் விழுந்தேன்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்றார்கள். மின்சார வயரின் மேலுறை உரிந்துபோவதுபோல நரம்பின் மேலுறை உரிந்துபோகிற நோய் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். நோய் கூடாமல் தடுக்கிற மருந்து அங்கேயே கிடைத்தது. நடையைச் சீராக்க இன்னொரு மாத்திரை எழுதினார். அதை வெளியேதான் வாங்க வேண்டும். மருந்துக்கடையில் விலை கேட்டதும் என் வீட்டுக்காரர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் அடுத்தவர் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்ப்பவர். அந்த வருடம் மழையில் கொத்தெல்லாம் வெடித்துப் போயிருந்தது.

வழி சொன்னவள் அக்காதான். என்னைவிட ஆறு வயது மூத்தவள். தேனியில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். கணவர் இறந்த பிறகு ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். "எங்க கிளினிக் மூலமா வாங்குனா பாதி வெலைக்குக் கெடைக்கும். நீ மாசாமாசம் என் கையில காசக் குடு, நான் கொண்டாந்து தாரேன்" என்றாள். கொண்டும் வந்தாள். அட்டையிலிருந்து பிரித்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத்தான் தருவாள். "அட்டையில வெல போட்டுருக்கும். அதப் பாத்தா ஒனக்கு மாத்திரை தொண்டையில எறங்காது" என்று சிரிப்பாள். அவள் நர்ஸ். நான் ஏன் கேட்கப் போகிறேன்?

காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. உடைக்கக் கூடாது, தவறினால் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டாவது வாரத்தில் பாதம் தூக்கியது. ஓடினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செருப்பு இடிக்காமல் கடைசித் தோட்டம்வரை போய்த் திரும்பினேன். அங்கிருந்த பாட்டி ஒருத்தி, "என்னத்தா, தபாலம்மாவுக்குக் கால் வந்துருச்சு போல" என்றாள். அப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

அதற்கடுத்த தை மாதத்தில் பாதம் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டேன். மாசியில் பை தூக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நோய் மாத்திரையை மீறிப் போய்விட்டது என்று நினைத்தேன். அக்காவிடம்தான் சொல்லி அழுதேன். "முன்ன மாதிரி கேக்கலக்கா." அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "சில பேருக்கு அப்படித்தான் ஆகும். விடாமப் போடு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் முழங்கால் போட்டவள் எழுந்திருக்க முடியாமல் தவித்தேன். கோயிலே எழுந்து நிற்கிறது, நான் மட்டும் தரையில். பக்கத்தில் இருந்த அக்காதான் என் கையிடுக்கில் கை கொடுத்துத் தூக்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சித்திரையில் வேலையை விட்டேன். வேண்டாம், மேலதிகாரியிடம் லீவு கேட்டுப் பார்க்கலாம் என்றார் வீட்டுக்காரர். அக்கா ஒப்பவில்லை. "வாய்க்கால்ல விழுந்து மண்டைய ஒடைச்சுக்கிட்டா யாரு பாப்பா? எழுதிக் குடுத்துரு ஆத்தா" என்றாள். அவளே வெள்ளைத்தாள் எடுத்துவந்தாள். உடல்நிலை காரணமாக என்று நான் எழுத, பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். பையையும் முத்திரையையும் ஒப்படைத்த அன்று எனக்குச் சோறு ஊட்டிவிட்டாள்.

ஆடியில் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கூட வருகிற அக்கா, அன்று டியூட்டி மாற்ற ஆள் இல்லை என்றாள். வீட்டுக்காரர் வந்தார். டாக்டர் வழக்கம்போல வராந்தாவில் கோட்டுக்குக் கோடு நடக்கச் சொல்லி நேரம் பார்த்தார். பிறகு புதிய ஸ்கேனைப் பழையதோடு வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"படத்துல புதுசா ஒண்ணுமே இல்லையேம்மா. நடை ஏன் இவ்வளவு மோசமாச்சு? மாத்திரையை விட்டுட்டீங்களா?"

"ஒரு வேளகூட விடல சார்" என்று கைப்பையிலிருந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாத்திரையைக் கையில் கொட்டிப் புரட்டிப் பார்த்தார். மணியடித்துக் கீழே மருந்துக்கடையில் இருப்பவரை வரச் சொன்னார். வந்தவர் மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். "இது சத்து மாத்திரை சார். பி காம்ப்ளெக்ஸ்" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஏமாற்றியது யார் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. கிளினிக்கில் யாரோ அக்காவை ஏமாற்றியிருக்கிறார்கள், பாவம், அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் ஆண்டிபட்டிவரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

தேனியில் இறங்கி நேராகக் கிளினிக்குக்குப் போனோம். மத்தியானம், நோயாளிகள் இல்லை. ஊசி போடும் அறையில் அக்கா பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் டப்பாவை மேசையில் வைத்தேன்.

"அக்கா, இதுல இருக்குறது என்ன மாத்திரை?"

அவள் டப்பாவைத் தொடவில்லை. "டாக்டர் சொல்லிட்டாகளா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

"எப்பருந்து?"

"தை மாசத்துலருந்து. புள்ளைக்கு ஹாஸ்டல் பீஸு கட்டணும், கெடு வச்சுட்டாக. ஒரு மாசந்தானேன்னு, பாக்க அதே மாதிரி இருந்த இதப் போட்டுக் குடுத்தேன். அடுத்த மாசம் சொல்லிருவோம்னு இருந்தேன். நீ வந்து அழுத. அதுக்குப் பெறகு எப்படிச் சொல்ல?"

"நான் குடுத்த காசு?"

"அதுவும் பீஸுக்குத்தான் போச்சு." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "பாதி வெலைன்னு சொன்னேனே, எங்கயும் பாதி வெல கெடையாது. ஒன்றரை வருசமா மீதிய நான்தான் போட்டேன். நைட் டியூட்டி பாத்துப் பாத்துப் போட்டேன். அது ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. அது என்னைக் குத்தியது, இன்றும் குத்துகிறது. ஆனால் எனக்குக் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது.

"வேலைய விடச் சொன்னியேக்கா. தாளு எடுத்துட்டு வந்தியே."

அவள் பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேலைய விட்டா அம்புட்டுத் தூரம் நடக்க வேணாம்ல. நடக்க வேணாம்னா மாத்திரையும் வேணாம்லன்னு நெனச்சேன். வீட்டோட இருந்துக்கிருவன்னு நெனச்சேன்."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவள் பழக்கத்தில் கை கொடுக்க வந்தாள். "தொடாத" என்றேன். பெருங்குரலில் கத்திவிட்டேன் போல, வீட்டுக்காரர் உள்ளே ஓடிவந்தார்.

ஊருக்குப் பஸ் ஏறினோம். வீரபாண்டி தாண்டும்போது அவர், "காசு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா மாத்திரை இல்லாமத்தான இருந்துருப்போம். அதே கால்தான, அதே நடதான" என்றார். அது சரிதான். ஆனால் மாத்திரை இல்லாததால் நடக்க முடியவில்லை என்று தெரிந்திருந்தால் நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். கடன்பட்டாவது, தாலிச் சங்கிலியை விற்றாவது இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருப்பேன். நோய் முற்றிவிட்டது என்று நம்பித்தான் போட்டேன். ஆறு மாதம் என் உடம்பைத் திட்டினேன். என் காலைப் பார்த்து, துரோகி என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கால் ஒரு தப்பும் செய்யவில்லை.

வேலையைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். ஆள் போட்டாகிவிட்டது. வந்திருக்கும் பெண் நல்லவள். என் வீட்டுக்கு வரும் தபாலை, வழி தேடித் திண்டாடாமல் நேராக வந்து கொடுக்கிறாள். நான் வீட்டில் உட்கார்ந்து பென்ஷன் மனு, வங்கி விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன்.

மதுரை டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், எங்களால் மாதம் முழுவதற்கும் வாங்க முடியாது என்று. இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்றார். வேறு கம்பெனியின் அதே மருந்தை எழுதினார். கொஞ்சம் மலிவு, அப்படியும் எட்டாது. என் சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, விட்டு விட்டுப் போடுவதில் கெடுதல் இல்லை, போடாத நாளில் பலன் இருக்காது, எந்தக் காரணம் கொண்டும் பாதியாக உடைக்காதீர்கள் என்றார். இப்போது மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் போடுகிறேன். எந்த நாள் என்று நானே முடிவு செய்கிறேன். மகன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தால், கல்யாண வீடு வந்தால் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுவேன். மற்ற நாட்களில் நாற்காலியும் சுவரும். மாத்திரையை அட்டையோடு வாங்கி, நானே பிரித்து விழுங்குகிறேன்.

அக்கா மூன்று முறை வந்தாள். ஒருமுறை ஒரு மாதத்துக்கான அட்டைகளைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தாள். பில்லும் கூட இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்க எனக்கு மனசு வரவில்லை. அவள் செய்ததில் பாதி நன்மை என்று ஊரில் யாராவது சொல்லக்கூடும். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றும். பிறகு பூசையில் அவள் என்னைத் தூக்கிவிட்டது நினைவு வரும்.

போன மாதம் அவள் மகள் வந்திருந்தாள். படிப்பு முடித்து வேலைக்குச் சேரப் போகிறாள், இனிப்பு கொண்டுவந்தாள். அது ஒரு மாத்திரை நாள். நான் எழுந்து நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்ததைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

"நல்லா நடக்குறீகளே சித்தி! எங்கம்மா வாங்கித் தார மாத்திரைதான?"

அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் படித்த படிப்பு அந்த மாத்திரைக் காசில் வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தேன்.

"ஆமா" என்றேன். "ஒங்கம்மாதான்."

அவள் போன பிறகு இனிப்புப் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.