இருட்டில் வந்த அரோகரா

பொதுமக்களிடமிருந்து மனு பெறப்பட்டால் மூன்று நாள்களுக்குள் ஒப்புகைச் சீட்டு தரவேண்டும். முப்பது நாள்களுக்குள் கோரிக்கையின் மீது முடிவெடுக்க வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று மனுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதுதான் விதி. வருவாய்த் துறையில் என் பணிக்காலம் முழுவதும் இந்த விதியைப் பிறருக்கு நினைவூட்டியே காலம் தள்ளியவன் நான். அண்ணாமலையாரிடம் நான் வைத்த மனுவுக்கும் இது பொருந்தும் என்று எப்படியோ நம்பிவிட்டேன். பொருந்தவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு காலை. என் மனைவி சரோஜா காபி டம்ளரை நீட்டினாள். நான் வாங்குவதற்குள் அது நழுவி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மூளையில் இரத்தம் அடைத்த பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தாள். வலது காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை.

நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பாள். “ப... ப...” என்று ஒரு ஒலி வரும். அதற்கு மேல் வராது. கண்ணில் நீர் வரும். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல். பேச்சுப் பயிற்சி தர வீட்டுக்கு வந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: “முதல் சில மாசந்தான் சார் முக்கியம். அதுக்கப்புறம் வந்தாலும் வேகம் கம்மியாத்தான் இருக்கும்.” அந்த மாதங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அதிகம் பேசுகிறாள் என்று பல வருடங்கள் அலுத்துக்கொண்டவனுக்கு, அந்த விசிறியை நிறுத்திவிடலாம் போல இருந்தது.

அவள் நடக்கத் தொடங்கியதும் மாலை வேளைகளில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். முதல் நாள் மனுவைச் சுருக்கமாகவே வைத்தேன். அவள் பேச வேண்டும். அழகாகப் பேச வேண்டாம். என்னைத் திட்டுகிற அளவுக்குப் பேசினால் போதும்.

மூன்று நாள் ஆயிற்று. முப்பது நாளும் ஆயிற்று. ஒப்புகை இல்லை.

ஆனாலும் போய்க்கொண்டிருந்தோம். காரணம், அந்த மாலைகள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். பணியில் இருந்தபோது கோயிலுக்குள் நான் போனது பெரும்பாலும் யாராவது அதிகாரியைத் தரிசனத்துக்கு அழைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடிதான். இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். மலை மேற்கே இருப்பதால் எங்கள் ஊரில் சூரியன் கொஞ்சம் முன்னதாகவே அலுவலகம் விட்டுக் கிளம்பிவிடுகிறது. மலையின் நிழல் முதலில் பிராகாரத்தில் விழுகிறது. பிறகு தரையெல்லாம் நிழலான பின்னும் ராஜகோபுரத்தின் உச்சியில் மட்டும் வெயில் தங்கியிருக்கிறது. கிளிகள் கத்திக்கொண்டே பொந்து தேடுகின்றன. பகல் முழுக்கச் சூடேறிய கல்தரை உள்ளங்காலுக்கு இதமாக இருக்கிறது. சாயரட்சைப் பூஜைக்கு மேளம் தொடங்கும்போது விளக்குகள் எரிகின்றன. கோபுரங்கள் வெளிச்சத்தில் நிற்க, மலை வானத்தைவிடக் கறுத்து, கோயிலுக்குப் பின்னால் இன்னொரு பெரிய கோபுரம்போல எழுந்து நிற்கிறது. எத்தனை கட்டடங்களுக்கு மதிப்பீடு பார்த்திருக்கிறேன்! இதற்கு எந்த அட்டவணையில் விலை போடுவது?

வாசலில் பூ விற்கும் கன்னியம்மா சரோஜாவின் பழைய எதிரி. முழம் அளப்பதில் இருவருக்கும் தீராத சண்டை. சரோஜாவுக்குப் பேச்சு போன பிறகும் கன்னியம்மா விடவில்லை.

“வாங்க டீச்சரம்மா! இன்னிக்கு முழத்தை சின்னதாத்தான் அளக்கப்போறேன். இன்னா பண்ணுவீங்க?”

எனக்குக் கோபம் வந்தது. “பேச முடியாதவங்ககிட்ட ஏம்மா வம்பு?”

“நீ சும்மா இரு சார். கோவம் வந்தாதான் வாய் தொறக்கும். உன்னை மாதிரி பதவிசா பேசுனா எவளுக்குப் பேச்சு வரும்?”

சொன்னபடியே குறைவாக அளப்பாள். பிறகு இன்னொரு துண்டைக் கிள்ளி அவளே சரோஜாவின் தலையில் வைத்துவிடுவாள். சரோஜா முறைப்பாள். வாய் திறக்காது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் யாராவது “அண்ணாமலையாருக்கு!” என்று குரல் கொடுத்தால் சுற்றியிருப்பவர்கள் “அரோகரா!” என்று பதில் கொடுப்பது வழக்கம். பேச்சு இருந்த நாளில் சரோஜா தொண்டை கிழியக் கத்துவாள். நான் வாயை மூடிக்கொண்டு கும்பிடுவேன். கத்துவது எனக்குக் கௌரவமாகப் படாது. “உங்க வாயில அரோகரா வர்றதுக்கு கலெக்டர் ஆர்டர் போடணுமா?” என்று முன்பெல்லாம் கேலி செய்வாள்.

புரட்டாசியில் ஒரு மாலை. இடி முழக்கம், மழை இன்னும் இறங்கவில்லை. மண்டபத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தோம். திடீரென்று ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று. கோபுரம் மறைந்தது. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியவில்லை. ஒரு மின்னல் வெட்டியது. மலையும் கோபுரங்களும் ஒரு கணம் வெள்ளையாக எழுந்து நின்று மறைந்தன. அப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை. ஆனால் சரோஜா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “ப... ப...” என்றாள்.

இருட்டில் பயந்தவளுக்கு என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் அது இல்லை. யோசிக்காமல் கத்தினேன்.

“அண்ணாமலையாருக்கு!”

குரல் பிசிறியது. இருட்டிலிருந்து நூறு குரல்கள், “அரோகரா!”

என் தோளருகே மூச்சுக்காற்று பட்டது. அதில் ஏதோ சத்தம் இருந்ததுபோலத் தோன்றியது. பிரமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

“யாரு சார் அது? சூப்பரு! இன்னொரு தபா சொல்லுங்க!” என்றான் எவனோ ஒருவன்.

“அண்ணாமலையாருக்கு!”

கூட்டத்தின் குரல் அடங்கிய பிறகு, ஒரு விநாடி பிந்தி, என் காதோரம்: “...ரோரா.”

மூன்றாம் முறை நான் கத்தவில்லை. அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். அவள் தெளிவாகச் சொன்னாள்: “அரோகரா.”

விளக்கு வந்தபோது, இஸ்திரி போட்ட சட்டையோடு தேம்பி அழுத ஒரு கிழவனை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒப்புகைச் சீட்டு கிடைத்துவிட்டது.

மறுநாள் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். பழகிய பாட்டும் பழகிய கோஷமும் சிலருக்கு முதலில் வருவதுண்டு, அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம் என்றாள். உண்மையாக இருக்கும். அந்தப் பெண்ணின் உழைப்பையும் மருந்தையும் மறைத்துவிட்டு இதைச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து வாய் திறக்காத என்னை அந்த இருட்டில் கத்த வைத்தவர் யார் என்பதற்கு அவளிடம் விளக்கம் இல்லை. என்னிடம் இருக்கிறது.

அன்பர்களே, இப்போது தினமும் மாலை நான் குரல் கொடுக்கிறேன். சரோஜா பதில் கொடுக்கிறாள். வெட்கம் போய்விட்டது. உங்களிடமும் ஒரு மனு இருக்கும். தாமதம் ஆகிறதே என்று திரும்ப எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் கணக்கு பார்ப்பது நம் பழக்கம். அவருக்கு அது கிடையாது. மாலையில் வாருங்கள். நிழல் இறங்குவதையும் விளக்கு எரிவதையும் உட்கார்ந்து பாருங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். முடிந்தால் கொஞ்சம் உரக்கவே கேளுங்கள்.

மீதியையும் சொல்லி முடிக்கிறேன். சொற்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன: தண்ணி, சோறு, வலி. ஒரு வாக்கியம் வரவில்லை. அப்படியிருக்க ஒரு மாலை கோயில் வாசலில், மாலை போட்டுக்கொள்ள வந்த ஐயப்ப சாமிகளின் கூட்டம். கன்னியம்மாவின் கூடையில் பூ கம்மி, ஆள் ஜாஸ்தி. வம்பு பேச நேரமில்லாமல் அவசரமாக அளந்து நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சரோஜா.

“முழம்... கம்மி.”

கன்னியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. “இன்னா சொன்னீங்க டீச்சரம்மா?”

“முழம் கம்மி” என்றாள் சரோஜா மறுபடியும். பிறகு என்னைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்: “இவருக்கு... ஒண்ணும்... தெரியாது.”

கன்னியம்மா கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இரண்டு கையையும் கோபுரத்தைப் பார்த்துத் தூக்கி, “அண்ணாமலையாருக்கு!” என்று அலறினாள். தெருவே பதில் கொடுத்தது. நானும் கொடுத்தேன்.

கோரிக்கை, கேட்டபடியே, திட்டு உட்பட, முழுமையாக ஏற்கப்பட்டது. பதில் கிடைத்த தேதி: கார்த்திகை ஒன்று.