தங்கச் சங்கிலியோடு ஒரு தள்ளுபடி விண்ணப்பம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், எங்கள் சீசாத் தெருவிலிருந்த பஸ் தரிப்பிடத்தைத் திடீரென்று எடுத்துவிட்டார்கள். காரணத்தை எங்கள் தமிழ் மாத இதழில் எழுத, நகராட்சிக் கோப்பின் நகலைக் கேட்டேன். "ஏழைப் பத்திரிகையாளன், நகல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்று இரண்டு பக்கம் உருகி எழுதினேன். கொடுக்கப் போனதோ கலியாணக் கோட்டும் தங்கச் சங்கிலியுமாக.

"இஞ்சாருங்கோ, காசில்லை எண்டு சொல்லப் போற ஆளுக்கு இதென்ன மாப்பிள்ளைக் கோலம்?" என்றாள் மனைவி. கேட்டேனா?

அலுவலகப் பெண்மணி கடிதத்தைப் படித்துவிட்டுச் சங்கிலியைப் பார்த்தார். கோப்புப் போச்சு என்று சங்கிலியைக் கோட்டுக்குள் தள்ளினேன். அவரோ சிரித்தார். "நகலுக்குத்தான் கட்டணம். இங்கேயே இருந்து பார்ப்பது எல்லோருக்கும் இலவசம்."

பார்த்தேன். தெருவேலை முடிந்ததும் தரிப்பிடம் திரும்பி வருமாம்.

இப்போதெல்லாம் எந்த அலுவலகத்திலும் முதலில் "பார்க்கலாமா?" என்றுதான் கேட்கிறேன். புறப்படுமுன், "இந்த உடுப்புச் சரியோ?" என்று மனைவியிடமும்.